கதவு ஸ்விட்சில் பழுது இல்லை

ஜூலை 2, செவ்வாய்

என் பெயர் கிரிதரன். வயது 27. இது எழுத்துப் பயிற்சி.

ஜூலை 3, புதன்

நேற்று அதற்கு மேல் முடியவில்லை. ஒரு வரிக்கு நாலு நிமிடம் ஆகிறது. பேனா கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் நிற்க மாட்டேன் என்கிறது. வலது கையில் நடுவில் இருக்க வேண்டிய இரண்டும் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

கைக்குப் பயிற்சி கொடுக்கிற ஜெசிந்தா மேடம் நோட்டைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். தினமும் அரைப் பக்கம் எழுத வேண்டுமாம்.

"என்ன எழுதறதுங்க மேடம்?"

"அன்னிக்குக் கெடச்ச நல்லது ஒண்ணு எழுதுங்க. நன்றியா நெனச்சு எழுதுங்க. கையும் பழகும், மனசும் பழகும்."

"நல்லது ஒண்ணும் நடக்கலன்னா?"

"சாப்பிட்டீங்கல்ல? அத எழுதுங்க."

இன்று இட்லி சாப்பிட்டேன். இட்லிக்கு நன்றி. மேடம் படித்தால் படிக்கட்டும்.

ஜூலை 8, திங்கள்

நடந்ததை ஒருமுறை முழுசாக எழுதி வைத்துவிடுகிறேன். பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இனி நோட்டை நீட்டிவிடலாம்.

படித்தது டிப்ளமோ மெக்கானிக்கல். பம்பு உதிரிபாகங்கள் செய்கிற கம்பெனியில் சிஎன்சி செட்டர். எந்திரத்தில் டூல் மாட்டுவது, ப்ரோக்ராம் ஏற்றுவது, முதல் பீஸ் அளவில் வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. அந்த எந்திரத்துக்கு ஒரு கதவு உண்டு. கதவு மூடியிருந்தால்தான் உள்ளே டூலைச் சுழற்றுகிற ஸ்பிண்டில் சுற்றும், திறந்தால் நின்றுவிடும். அதற்காகக் கதவோரம் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது.

ஜூன் 11, காலை பதினொன்றேகால். கதவு திறந்திருந்தது. டூல் மாறுகிற இடைவெளியில் இரும்புச் சீவலை எடுக்கக் கையை விட்டேன். ஸ்பிண்டில் நின்றிருக்க வேண்டும். சுற்றியது.

ஸ்விட்ச் பழுது. அவ்வளவுதான்.

மெயின்டனன்ஸ் எலக்ட்ரீசியன் மயில்சாமியண்ணன் ஓடி வந்து எமர்ஜென்சி பட்டனை அழுத்தினார். தன் தோள் துண்டால் கையைச் சுற்றினார். ஆட்டோவில் மடியில் படுக்கவைத்துக்கொண்டு வந்தார். இதை எழுதப் பதினெட்டு நிமிடம். கை வலிக்கிறது.

ஜூலை 11, வியாழன்

என் மனைவி மோகனா எட்டு மணிக்குப் பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்குக் கிளம்பினால் வீட்டில் நான் மட்டும்தான். சுந்தராபுரத்தில் எங்கள் வீடு இரண்டு அறை. நடக்க ஆரம்பித்தால் சுவர் வந்துவிடுகிறது.

சட்டைப் பொத்தான் ஆறும் போட ஏழு நிமிடம். வெங்காயம் ஒன்று நறுக்கப் பதினோரு நிமிடம். அதில் பாதி சாப்பிடக்கூடிய அளவில் இருந்தது. பேஸ்ட் மூடியைப் பல்லால் திறந்தேன். பருப்பு டப்பா மூடி திறக்கவே இல்லை. சாயங்காலம் மோகனா வந்து ஒரே திருகில் திறந்தாள். திறந்துவிட்டு, "நீங்க முன்னாடியே லூஸ் பண்ணி வெச்சிருந்தீங்க போல" என்றாள். அந்தப் பொய்க்கு எரிச்சல்தான் வந்தது.

நன்றி: பருப்பு டப்பாவுக்கு இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

மயில்சாமியண்ணன் வந்தார். ஆஸ்பத்திரியில் தினமும் வந்தார், வீட்டுக்கு வந்த பிறகு இது நாலாவது தடவை. ஒரு பை நிறையக் கொய்யாப்பழம். அவரே கத்தி கேட்டு வாங்கி நறுக்கி, உப்பு மிளகாய்த்தூள் போட்டு, தட்டை என் இடது கைப் பக்கம் வைத்தார்.

"கை எப்படி இருக்குது தம்பி?"

"இருக்குதுங்ணா."

"எழுதறயாமா?"

"ம்."

"எழுது எழுது. எங்கிட்டக் குடுத்தா எனக்குப் பத்து விரலு இருந்தும் கையெழுத்து கோழி கிண்டுனாப்ல இருக்கும்."

மோகனா சிரித்தாள். நான் தலைவலி என்று சொல்லிச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். அவர் அரைமணி நேரம் மோகனாவிடம் மழை, பஸ், தன் மகளுடைய பன்னிரண்டாம் வகுப்பு என்று பேசிவிட்டுப் போனார்.

"அந்தண்ணன் வந்தா மட்டும் ஏன் மாமா மூஞ்சிய இப்படி வெச்சுக்கறீங்க?"

"தலைவலின்னு சொன்னனே."

"அந்தத் தலைவலி அவரு வண்டிச் சத்தம் கேக்கறப்பவே வந்துருதே."

கொய்யாப்பழத்தை நான் தொடவில்லை. கொய்யா தின்றால் சளி பிடிக்கும்.

ஜூலை 20, சனி

பிளான்ட் மேனேஜர் சம்பத்குமார் போன் செய்தார். ஆகஸ்ட் 20-ஆம் தேதி விசாரணை. வெளியிலிருந்து ஒரு வக்கீல் விசாரணை அதிகாரியாக வருகிறார்.

"பெரிசா ஒண்ணும் இல்ல கிரி. கதவு ஸ்விட்ச் வேலை செய்யலன்னு நீ வந்து சொல்லோணும். ரிப்போர்ட் அப்படித்தான் ரெடியா இருக்குது. உனக்கு இன்ஸ்பெக்ஷன்ல சீட் போட்டு வெச்சிருக்கேன். ஏசி ரூம். உக்காந்து பாக்கற வேலை."

"விசாரணை யார் மேலங்க சார்?"

"மெயின்டனன்ஸ் மேலதான். மயில்சாமி ஸ்விட்ச செக் பண்ணாம செக் பண்ணுனதாக் கையெழுத்துப் போட்டிருக்கான். ஒரு மாசமா சஸ்பெண்ட்ல வெளிலதான் நிக்கிறான். தெரியாதா உனக்கு?"

எனக்குத் தெரியாது. போன ஞாயிறு அந்த மனுஷன் இங்கே உட்கார்ந்து கொய்யா நறுக்கிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் மழையைப் பற்றிப் பேசினார்.

ஜூலை 21, ஞாயிறு

வலி. எழுதவில்லை.

ஜூலை 26, வெள்ளி

உடுமலையிலிருந்து என் பெரியப்பா வந்தார். கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "நல்லவேளை, கட்டைவிரல் தப்பிச்சுது" என்றார். நேற்று மாடிவீட்டு சரோஜாக்கா, "நல்லவேளை, கல்யாணத்துக்கு அப்பறம் ஆச்சு" என்றார். பால்காரர், "நல்லவேளை, கால் இல்ல" என்றார். எனக்கு நடந்ததில் எல்லாருக்கும் ஒரு நல்லவேளை இருக்கிறது. எனக்கு மட்டும்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

இருப்பதை நினைத்துத் திருப்தியாக இருக்கணுமாம். பெரியப்பா சொன்னார். 0.02 மில்லிமீட்டர் கூடினால் பீஸைத் தூக்கி ஸ்கிராப்பில் போடுகிறவன் நான். அதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்த வேலை. அளவு தவறினால் தவறியதுதான். திருப்திப்பட்டால் பம்பு ஒழுகும் என்று அவரிடமே சொன்னேன்.

பெரியப்பா போன பிறகு மோகனா, "பெரியவரு முன்னாடி அப்படிப் பேசலாமா?" என்றாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை என்றேன். "அதான் மாமா. இப்பெல்லாம் நீங்க என்ன பேசுனாலும் யாரும் கோவிச்சுக்கறதில்ல" என்றாள்.

நன்றி என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஜெசிந்தா மேடம் கேட்டால் பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. மோகனா தலைக்குக் குளித்து, புது மஞ்சள் சரடு எடுத்து வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். போன வருஷம் அவள் அம்மா வந்து மாற்றிக் கட்டினார். இந்த வருஷம் நான்தான் கட்டவேண்டும் என்றாள்.

"என்னால ஆகாது. உங்கம்மாவ வரச்சொல்லு."

"எங்கம்மாவா எனக்குத் தாலி கட்டுச்சு?"

கல்யாணத்தன்று முடிச்சுப் போட ஐந்து விநாடி ஆகியிருக்கும். இன்று சரடு விரலில்லாத இடத்தில் வழுக்கி வழுக்கி விழுந்தது. நாலு முறை அவிழ்ந்தது. அவள் தலையைக் குனிந்தபடி வைத்திருந்தாள். ஈரத்தலையிலிருந்து தண்ணீர் சொட்டி என் மணிக்கட்டு வரை வந்தது.

"மாமா, ஸ்பேனர் எடுத்துட்டு வரட்டுங்களா?"

"பேசாம இரு."

"எவ்வளவு முறுக்கோணும்னு அளவு சொல்லுங்க, நானே முறுக்கிக்கறேன்."

பல்லால் ஒரு முனையைக் கடித்து, கட்டைவிரலாலும் மோதிர விரலாலும் இழுத்து, மூன்றாவது முடிச்சும் போட்டேன். எத்தனை நிமிடம் என்று பார்க்கவில்லை. அவள் எழுந்து கண்ணாடியில் பார்த்து, இழுத்துப் பார்த்து, "கெட்டியாத்தான் இருக்குது" என்றாள்.

மத்தியானம் தேங்காய்ச் சாதம். நன்றாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை, இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மயில்சாமியண்ணன் வீட்டுக்குப் போனேன். ஈச்சனாரி பஸ்ஸில் நின்றபடி, கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு. கண்டக்டர் என் வலது கையைப் பார்த்துவிட்டு ஒரு பெண்ணை எழுப்பி இடம் கொடுத்தார். உட்காரவில்லை.

அவர் வாசலில் பழைய மிக்ஸிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்து வீட்டு மிக்ஸி, கிரைண்டர், மேசை விசிறி. இரண்டு மாதமாக அதுதான் பிழைப்பு போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வெயில்ல எதுக்கு வந்த? போன் பண்ணுனா நான் வந்திருப்பனே."

"விசாரணைன்னு ஏண்ணா சொல்லல?"

"சொல்லி? நீ வந்து மிக்ஸி மாட்டித் தருவயா?"

கேட்கப் போனதைக் கேட்டுவிட்டேன். "சாவி எங்கண்ணா?"

அவர் மிக்ஸி மோட்டாரிலிருந்து கழற்றிய ஒரு ஆர்மெச்சரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தச் சாவி?"

"ஸ்விட்சுல நான் செருகி வெச்சது."

"அது அன்னிக்கே வாய்க்கால்ல போயிருச்சு. அதப்பத்திப் பேசாத. டீ குடிக்கறயா?"

இதற்கு மேல் நோட்டிலும் சுற்றி வளைக்கப் பிடிக்கவில்லை.

கதவு ஸ்விட்சில் பழுது இல்லை. கதவில் ஒரு இரும்புச் சாவி இருக்கும். கதவு மூடும்போது அது ஸ்விட்சுக்குள் போகும், அப்போதுதான் எந்திரம் ஓடும். அதேபோல் உபரிச் சாவி ஒன்று வாங்கி ஸ்விட்சுக்குள் செருகிவிட்டால், கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக எந்திரம் நம்பும். எங்கள் மெஷின் ஷாப்பில் செட்டர்கள் எல்லாரும் செய்கிறார்கள். முதலில் செய்தவன் நான். கதவைத் திறந்து மூட ஒரு பீஸுக்கு இருபத்திரண்டு விநாடி. ஷிப்டுக்கு நூற்றிருபது பீஸ். நாற்பத்து நாலு நிமிடம் மிச்சம். இதைச் சொல்லித்தான் சம்பத்குமார் சார் எனக்கு 'சிறந்த செட்டர்' ஷீல்டு கொடுத்தார். எப்படி மிச்சம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மயில்சாமியண்ணன் மூன்று முறை அந்தச் சாவியைப் பிடுங்கி எறிந்தார். மூன்றாவது தடவை, "கை போனாத்தான் உனக்குப் புத்தி வரும்" என்று ஷாப்பே கேட்கக் கத்தினார். நான் நாலாவது சாவி வாங்கினேன்.

அன்று எமர்ஜென்சி பட்டனை அழுத்திய கையோடு அவர் சாவியை உருவித் தன் பாக்கெட்டில் போட்டதை நான் பார்த்தேன். மயக்கம் வரவில்லை எனக்கு. தெளிவாகப் பார்த்தேன். சாவி அகப்பட்டால் தப்பு முழுக்க என்மேல் வரும், ஒன்றும் கிடைக்காது, வேலையும் போகும். அதனால் எடுத்தார். ஸ்விட்ச் பழுது என்று கம்பெனியில் எழுதியபோது வாயைத் திறக்காமல் நின்றார்.

"ஏண்ணா எடுத்தீங்க?"

"அந்த நேரத்துல யோசனையா பண்ணுவாங்க? உன்ற கையில ரத்தம் குழா மாதிரி வருது. இவனுக்கு இது ஒண்ணே போதும்னு தோணுச்சு, எடுத்துப்போட்டேன்." ஆர்மெச்சரைக் கீழே வைத்துவிட்டு, "நானும் யோக்கியனில்ல தம்பி. மூணு தடவ புடுங்குனேன். ஒரு தடவகூட எழுதிக் குடுக்கல. எழுதியிருந்தா உன்ற வெரலு இருந்திருக்கும்" என்றார்.

டீயில் சர்க்கரை அதிகம். குடித்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மயில்சாமியண்ணனுடைய மகள் பேரும் படிப்பும் எனக்குத் தெரியும். அவருக்கு நாற்பத்தாறு வயது. நீக்கிவிட்டால் இந்த வயதில் எந்தக் கம்பெனியும் எடுக்காது. 'பாதுகாப்பு ஸ்விட்சைப் பார்க்காமல் விட்டவர்' என்று எழுதிய காகிதத்தோடு நிச்சயம் எடுக்காது.

நான் சொன்னால் ஏசி அறை போகும். செட்டர் வேலை ஏற்கெனவே போய்விட்டது. இரண்டறை வீட்டை மோகனா ஒருத்தியே தூக்கவேண்டும்.

மூன்று நாளாக இந்த இரண்டையும் மாற்றி மாற்றி யோசிக்கிறேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கை நன்றாக ஓடுகிறது. ஒரு வரிக்கு நாற்பது விநாடி. ஜெசிந்தா மேடம் பாராட்டினார். என்ன எழுதுகிறீர்கள் இவ்வளவு என்று கேட்டார். இட்லி என்றேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மோகனாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்விட்ச், சாவி, நாற்பத்து நாலு நிமிடம், அண்ணன் பாக்கெட், எல்லாம். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் மாமா."

"எப்படி?"

"ஆஸ்பத்திரில ஊசி போட்டதும் உளறுனீங்களே. 'அண்ணா, சாவி, யாருகிட்டயும் சொல்லாதீங்க'ன்னு. அந்தண்ணன் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நிக்கிறாரு, நான் அந்தப் பக்கம் நிக்கிறேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கவே இல்ல."

"ரெண்டு மாசமா ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்." என் சட்டையை எடுத்து உதறினாள். "தெனமும் இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவரு வரப்ப இன்னிக்குச் சொல்லுவீங்கன்னு நெனைப்பேன். நீங்க செவுத்தப் பாத்துப் படுத்துக்குவீங்க."

இன்ஸ்பெக்ஷன் சீட் போய்விடும் என்றேன். தெரியும் என்றாள். அழுதாள். அழுதுகொண்டே மீதித் துணியையும் மடித்து முடித்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் போர்வையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டேன். அவள் மற்ற இரண்டு முனையையும் பிடித்துக் கிட்டே வந்தாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

நேற்று எழுத முடியவில்லை, கையால் அல்ல.

மீட்டிங் ரூமில் மேசைக்கு ஒரு பக்கம் வக்கீலும் சம்பத்குமார் சாரும். இந்தப் பக்கம் மயில்சாமியண்ணன், இஸ்திரி போட்ட சட்டையில், கல்யாணத்துக்கு வந்தவர்போல. வக்கீல், "சம்பவத்தன்று கதவு ஸ்விட்ச் வேலை செய்ததா?" என்று கேட்டார்.

"வேலை செஞ்சுது சார். நான்தான் அதுல டூப்ளிகேட் சாவி போட்டிருந்தேன்."

டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். சம்பத்குமார் சார், "மருந்து சாப்பிடறான், கொழப்பத்துல பேசறான்" என்றார். நான் மருந்தை நிறுத்தி மூன்று வாரம் என்றேன். எத்தனை எந்திரத்தில் சாவி இருக்கிறது என்று வக்கீல் கேட்டார். ஆறு என்றேன். இப்போதே போனாலும் பார்க்கலாம் என்றேன். போனார்கள். பார்த்தார்கள்.

வெளியே கேன்டீன் பக்கம் மயில்சாமியண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்வார் என்று நினைக்கவில்லை. ஆனால் இதையும் நினைக்கவில்லை.

"உன்னை யாருடா கேட்டா? நான் வந்து கேட்டனா? உன்ற கால்ல வுழுந்தனா?"

"அண்ணா, உங்க வேலை..."

"என்ற வேலை என்ற பாடு. வாழ்க்கைல ஒரே ஒரு ஆளுக்கு, ஒரு பைசா ஆதாயமில்லாம, ஒரு காரியம் பண்ணுனேன். மிக்ஸி மாட்டிட்டிருந்தாலும் ராத்திரி அத நெனச்சா நிம்மதியாத் தூக்கம் வரும். அதையும் புடுங்கிட்டயே."

போய்விட்டார். வண்டியை மூன்று முறை உதைத்து ஸ்டார்ட் செய்தார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தீர்ப்பு மாதிரி ஒரு கடிதம். மயில்சாமிக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, திங்கள் முதல் வேலை. எனக்கு இன்ஸ்பெக்ஷன் கிடையாது, செட்டர் பதவி கிடையாது. கம்பெனியிலிருந்து வரவேண்டியிருந்த உதவியும் கிடையாது. வேலையை விட்டு எடுக்கவில்லை. விரல் போனவனை வெளியே அனுப்பினால் பேர் கெடும் என்று யோசித்திருப்பார்கள். ஸ்டோர்.

கம்பி வலை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து நட்டு, போல்ட்டு, கையுறை எடுத்துக் கொடுக்கிற வேலை. ஆறு வருஷம் முன்னால் நான் சேர்ந்த புதிதில் கால் நொண்டுகிற ஒருத்தர் அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் பேரை நான் கேட்டதே இல்லை.

செப்டம்பர் 4, புதன்

ஸ்டோரில் ரேக்குகள் பதினாறு. எந்த ரேக்கில் என்ன என்று யாருக்கும் தெரியாது. எம்6 போல்ட்டு மூன்று இடத்தில் இருக்கிறது. கடவுளே.

செப்டம்பர் 10, செவ்வாய்

மயில்சாமியண்ணன் ஜன்னலுக்கு வந்தார். வேண்டிய சாமான் எழுதிய சீட்டை வலைக்கு அடியில் தள்ளினார். கான்டாக்டர் இரண்டு, இன்சுலேஷன் டேப் ஒன்று. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை இல்லை. நேற்றும் அப்படித்தான்.

மற்றவர்கள் பேசுகிறார்கள், ரொம்ப மெதுவாக. "பரவால்லண்ணா, நிதானமா எடுங்க." தப்பு சைஸ் எடுத்துக் கொடுத்தால்கூட ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் போய்விட்டு, பிறகு யாரையாவது அனுப்பி மாற்றிக்கொள்கிறார்கள். என் செட்டிங்கில் ஒரு மைக்ரான் தள்ளினால் ஓடி வந்து கத்தியவர்கள் இவர்கள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

வேலை பிடித்திருக்கிறதா என்று மோகனா கேட்டாள். இல்லை என்றேன். அலுப்பாக இருக்கிறது, மத்தியானம் மூன்று மணிக்குத் தகர ஷீட் கொதிக்கிறது, மூளைக்கு வேலையில்லை.

"அப்ப?"

ரேக்குகளைப் பிரித்து எண் போட்டுவிட்டேன், இப்போது எதைக் கேட்டாலும் முப்பது விநாடியில் எடுக்க முடிகிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வருகிறேன். பருப்பு டப்பா மூடி திறக்கிறது. படுத்தால் தூக்கம் வந்துவிடுகிறது. ஜூன் மாதத்திலிருந்து வராமல் இருந்த தூக்கம். சொல்லப்போனால் அதற்கும் முன்னாலிருந்தே.

இதெல்லாம் போதுமா என்று தெரியவில்லை. அளவுக்கு வராத பீஸ்தான். ஆனால் ஸ்கிராப்பில் போடவும் மனசு வரவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் நேற்றே நின்றுவிட்டது. கார்ப்பரேஷன் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வருவது தரைக்கடியில் உள்ள தொட்டிக்குள் கிடக்கிறது, மேலே ஏற வழியில்லை. சரோஜாக்கா மாடியிலிருந்து ஒரு மணிக்கொரு தரம் கேட்டுக்கொண்டிருந்தார். நானே பிரித்துப் பார்த்தேன். வைண்டிங் எரிந்திருந்தது, என் வேலை இல்லை. ஆள் தேடலாம் என்று சட்டை மாட்டினால், வாசலில் அந்த வண்டிச் சத்தம். மோகனா எனக்குத் தெரியாமல் போன் செய்திருக்கிறாள்.

மயில்சாமியண்ணன் பையோடு உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அம்மிணி, மெயின ஆஃப் பண்ணியாச்சான்னு கேளு."

மோகனா என்னைப் பார்த்தாள். "ஆஃப் பண்ணியாச்சுங்களா மாமா?"

"பண்ணியாச்சு."

"பண்ணியாச்சுங்ணா" என்று அவரிடம் திருப்பிச் சொன்னாள். அவர் இருந்தது என்னிடமிருந்து இரண்டடி தூரத்தில்.

எரிந்ததைக் கழற்றி, தன்னிடமிருந்த பழைய மோட்டாரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். ஒன்றரை மணி நேரம் வேலை. "அம்மிணி, பதினாலு நம்பர் ஸ்பேனரக் குடுக்கச் சொல்லு." கொடுத்தேன். "அம்மிணி, பைப்பத் தூக்கிப் புடிக்கச் சொல்லு." பிடித்தேன். மோகனா உள்ளே குழம்பைப் பார்க்கப் போனபோது சொல்ல ஆள் இல்லாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு காற்றிடம் சொல்வதுபோல், "யூனியன் நட்டு" என்று கையை நீட்டினார்.

பித்தளை நட்டு. வலது கையால் எடுத்து நீட்டினேன். வழுக்கியது. தொட்டியின் விளிம்பில் ஒருமுறை குதித்து, நேராகத் தண்ணீருக்குள்.

"அட கெரகம் புடிச்சவனே!" என்றார். "ஒரு நட்டு! ஒரே ஒரு நட்டு குடுன்னா தொட்டியில போடறயே, கண்ணு என்ன பொடனிலயா இருக்குது? அந்த சைஸு இப்ப எந்தக் கடைல கெடைக்கும்? ஞாயித்துக்கிழம உங்கப்பனா கட தொறந்து வெச்சிருக்கான்? ஸ்டோர்ல உக்காரவெச்சா எல்லாத்தையும் கீழ போடறதுக்கா உக்காந்திருக்கற? படிச்சவனாம், டிப்ளமாவாம், செட்டராம்!"

ஜூன் பதினொன்றுக்குப் பிறகு ஷாப்பிலோ தெருவிலோ வீட்டிலோ என்னை ஒருத்தர் கைதவறியதற்காகத் திட்டவில்லை. ஒருத்தர்கூட. மோகனா கரண்டியோடு ஓடி வந்தாள். சரோஜாக்கா மாடிக் கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"சிரிக்கறயா? சிரி. எறங்கி எடு!"

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினேன். தண்ணீர் இடுப்பளவு, அடியில் நாலு வருஷச் சேறு. மேலிருந்து அவர், "இந்தப் பக்கம்டா. அந்தப் பக்கமில்ல. இப்பத்தான சொன்னேன்" என்று டார்ச் அடித்தார். எவ்வளவு நேரம் துழாவினேன் என்று தெரியாது. அகப்பட்டது. எந்தக் கையில் அகப்பட்டது என்று மேலே ஏறிய பிறகு யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

மோட்டார் ஓடியது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். அவருக்கு உப்பு பத்தவில்லை, என்னிடம் நேராகவே கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். சாவியைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. நன்றி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு தடவை வாய்வரை வந்தது. அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். விட்டுவிட்டேன்.

மேலே டேங்க் நிறைந்து மாடியிலிருந்து தண்ணீர் வாசலில் கொட்ட ஆரம்பித்தது. சரோஜாக்கா கத்தினார்.

"போய் மோட்டார ஆஃப் பண்ணுடா" என்றார் அண்ணன்.

என் தட்டில் இன்னும் பாதிச் சோறு இருந்தது.

"நீங்க போங்கண்ணா."

என்னை ஒரு முறை முறைத்தார். திட்டிக்கொண்டே எழுந்து போனார்.